முதுகில் ஒரு பை, முன்னால் ஒரு மலை

மாலை ஏழரை மணிக்கு ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோ நிலையத்தில் முதுகில் பை இல்லாதவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒலிம்பியா வளாகத்திலிருந்தும் கிண்டித் தொழிற்பேட்டையிலிருந்தும் வருகிற பிள்ளைகள் எல்லார் முதுகிலும் மடிக்கணினி தொங்குகிறது. என் பை மட்டும் கொஞ்சம் பெரிது. ஒன்பது கிலோ. இடுப்பில் ஒரு பட்டை, நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டை. சோதனைக் கருவியில் அதை வைத்தபோது காவலுக்கு நின்ற பெண் திரையைப் பார்த்துவிட்டு, “டூரா மேடம்?” என்றாள். “போடிக்குப் போறேம்மா. அங்கேயிருந்து மலை ஏறி மூணாறு” என்றேன். “நடந்தா?” என்று கேட்டாள். ஆமாம் என்றதும் என்னை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். “பார்த்துப் போயிட்டு வாங்கம்மா.” மேடம் அம்மாவாகிவிட்டிருந்தது.

எனக்கு வயது 52. கலைமகள் நகர் பக்கம் குடியிருந்து இருபத்தேழு வருடமாகிறது. இந்த ஊரின் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. தாங்கல் என்றால் சிறிய ஏரி. வேடந்தாங்கல், பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் எல்லாம் அந்தக் குடும்பம்தான். ஏரி போனாலும் அடையாறு பக்கத்திலேயே ஓடுகிறது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டபோது அது எங்கள் தெருவுக்குள் வந்தது. நடக்க முடியாத அம்மாவை என் தம்பி முதுகில் ஏற்றிக்கொண்டு பக்கத்து வீட்டு மொட்டை மாடிக்குப் போனான். நான் பின்னால் அரிசி, மருந்து, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் அவன் மகளின் பள்ளிப் பையில் திணித்து மாட்டிக்கொண்டு ஏறினேன். முதுகில் சுமை ஏற்றிப் படியேறியது அதுதான் எனக்கு முதல் தடவை. அந்தப் பள்ளிப் பைக்குச் சொந்தக்காரிக்கு அப்போது பன்னிரண்டு வயது.

இப்போது அவள் ஈக்வடாரில், கீட்டோ நகரத்தில் முதுகுப் பையோடு சுற்றிக்கொண்டிருக்கிறாள். கடல் மட்டத்திலிருந்து 2,850 மீட்டர் உயரத்தில் ஒரு தலைநகரம். ஆண்டீஸ் மலைத்தொடர் இரண்டு பக்கமும் நிற்கிறது. நான் ரயில் பெட்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவள் கூப்பிட்டாள். நமக்கு இரவு, அவளுக்குக் காலை. “அத்தை, இங்க மலை ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் குழந்தையைத் துணியில சுத்தி முதுகுலதான் கட்டிக்கிறாங்க. விறகு, காய்கறி, எல்லாமே முதுகு. தலையில யாருமே தூக்கல.” அவளோடு நான் போயிருக்க வேண்டியது. பத்து வருடமாக இருவரும் வரைபடத்தை வைத்துக்கொண்டு பேசிய பயணம் அது. அம்மாவைத் தனியே விட்டுவிட்டு இரண்டு மாதம் போக எனக்கு மனம் வரவில்லை. நான்கு நாள் போகலாம் என்று தம்பி மனைவி சொன்னாள். “நாலு நாள்ல எந்த மலை கிடைக்குமோ அதை ஏறிட்டு வாங்க அண்ணி.” கிடைத்தது போடிக்குப் பக்கத்துக் குரங்கணி.

மூன்று மாதம் ஞாயிறுதோறும் பரங்கிமலைப் படியில் பழகினேன். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற ஒரே மலை. உயரம் நூறு மீட்டர்கூட இல்லை. ஆனாலும் பையில் எட்டுக் கிலோ அரிசியை வைத்துக்கொண்டு ஐந்து தடவை ஏறி இறங்கினால் முழங்கால் பேச ஆரம்பிக்கும். 1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் இந்த மலையடியில்தான் சங்கிலி வைத்து அளக்கத் தொடங்கினார். பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரை சுமார் 12 கிலோமீட்டர். அந்த ஒரு கோட்டை அளக்க 57 நாள் ஆயிற்று. அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கிளம்பி, இமயம் வரை இந்தியாவின் உயரமெல்லாம் அளக்கப்பட்டது. அந்த அளவைக்குக் கொண்டுபோன தியோடலைட் கருவி அரை டன். அதைக் குன்றுக்குக் குன்று, கோபுரத்துக்குக் கோபுரம் தூக்கிப்போனவர்கள் நம் ஆட்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சிதைந்தது என்று புத்தகங்களில் இருக்கிறது. கயிற்றைப் பிடித்திருந்தவர்களின் பெயர் எதிலும் இல்லை.

இதைப் போனில் மருமகளிடம் சொன்னபோது அங்கிருந்து ஒரு செய்தி வந்தது. கீட்டோவுக்கு வெளியே யாருக்கி சமவெளியில் 1736இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள், பூமியின் வடிவத்தைக் கண்டுபிடிக்க, இதே போல ஓர் அடிக்கோடு அளந்தார்கள். அதுவும் 12 கிலோமீட்டர் சொச்சம். கருவிகளைச் சுமந்து ஆண்டீஸ் சிகரங்களில் ஏறியவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். லாம்டன் இங்கே சங்கிலி பிடித்த அதே 1802இல், ஜூன் 23ஆம் தேதி, இயற்கை விஞ்ஞானி ஹம்போல்ட் அங்கே சிம்பராசோ மலையில் ஏறிக்கொண்டிருந்தார். நான் ஏறப் போகிற பாதையும் கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர்தான்.

போடிக்கு இப்போது நேரே ரயில் இருக்கிறது. 1928இல் வந்த மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதையாக்க 2010 கடைசியில் மூடினார்கள். அதன்பிறகு 12 வருடத்துக்கு மேல் அந்த ஊருக்கு ரயில் சத்தமே இல்லை. 2023 ஜூன் 15 முதல் சென்ட்ரலிலிருந்து வாரம் மூன்று நாள் ஓடுகிறது. ஈக்காட்டுத்தாங்கலில் பச்சைத் தடத்தில் ஏறினால் கோயம்பேடு சுற்றி சென்ட்ரலிலேயே இறக்கிவிடும். வீட்டு வாசலிலிருந்து மலையடி வரை ஆட்டோ பேரம் இல்லாத பயணம். நான் பைகளோடு சென்னையைக் கடந்த காலத்தில் இது கனவு.

காலையில் மதுரை தாண்டி உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்று போகும்போதே மேற்கில் மலை எழுந்துவிடுகிறது. ஆண்டிபட்டிக் கணவாயை அறுத்துக்கொண்டு போகும் அந்த வெட்டில் பெட்டி முழுக்க சன்னல் பக்கம் சாய்ந்தது. போடியில் இறங்கினால் மூன்று பக்கமும் சுவர் மாதிரி மலை. காற்றில் ஏலக்காய்.

இந்த ஊரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். இடுக்கியில் விளைகிற ஏலக்காயின் பெரும்பகுதி மலை இறங்கி இங்கே வந்துதான் உலகத்துக்குப் போகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலம் புத்தடியிலும் போடியிலும் நடக்கிறது. ஆனால் எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது கிடங்குதான். தெருவுக்குள் ஒரு பழைய வீடு. கூடம் முழுக்கப் பச்சை. தரையில் உட்கார்ந்து பத்துப் பதினைந்து பெண்கள் காய் பொறுக்குகிறார்கள். வெடித்தது ஒரு பக்கம், நிறம் மங்கியது ஒரு பக்கம். சொளகில் போட்டு ஒரு புடை, ஒரு தட்டு. தூசி பறந்து காய் நிற்கிறது. சல்லடை அளவு மில்லிமீட்டரில். எட்டு மில்லி காய்க்கு நல்ல விலை. ஒரு பாட்டி என் பையைப் பார்த்து, “என்ன தாயி, யாவாரமா?” என்றார். மலை ஏறப் போகிறேன் என்றதும் சிரித்தார். “நாங்க முப்பது வருசம் ஏறுனோம். மூட்டு தேஞ்சு போயித்தான் இங்கன வந்து உக்காந்திருக்கோம்.” சொளகு நிற்கவில்லை.

மறுநாள் விடியுமுன் பேருந்து நிலையம் போகிற வழியில் அதன் அர்த்தம் புரிந்தது. இருட்டிலேயே ஜீப்புகள் வரிசையாக நிற்கின்றன. தூக்குச்சட்டியும் தலையில் துண்டுமாகப் பெண்கள் ஏறுகிறார்கள். ஏலத்தோட்ட வேலைக்கு எல்லை தாண்டிப் போய் சாயங்காலம் திரும்புகிறவர்கள். போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவு. தினமும் போக, தினமும் வர. நாங்கள் ஒரு வாழ்நாள் அனுபவமாகச் சேர்த்துவைத்துப் போகிற உயரத்தை அவர்கள் கூலிக்காக நாள்தோறும் தொடுகிறார்கள்.

குரங்கணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். முந்தலில் பெரிய சாலையை விட்டுப் பிரிகிறது. கொட்டக்குடி ஆறு கூடவே வருகிறது. மாந்தோப்பு, தென்னை, பஞ்சு வெடிக்கக் காத்திருக்கும் இலவ மரங்கள். மார்கழிப் பனியில் ஆற்றின் மேல் ஆவி படர்ந்திருந்தது. ஊர் சின்னது. கடையில் இட்லியும் காரச் சட்னியும் சாப்பிட்டேன். மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை என்பது அந்தச் சட்னியை வழித்துச் சாப்பிடும்போது நினைவுக்கு வந்தது. மலைக்கு எதிர்த்த பக்கம் நல்ல மிளகு கொடி ஏறி நிற்கிறது. அதுதான் நம் பழைய காரம். இரண்டும் ஒரே இட்லிக் கடையில் கூடிவிட்டன.

அனுமதிச் சீட்டு, அடையாள அட்டை, வழிகாட்டி: மூன்றும் இல்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது. எனக்குத் துணை வந்தவர் நாற்பது வயதுக்காரர், ஊர்க்காரர். முதலில் என் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். “அக்கா, இதுல பாதி இங்கனயே வச்சிருங்க.” தூங்கும் பையையும் கூடுதல் துணிகளையும் கடையில் கொடுத்துவைத்தேன், தோழி ஒருத்தி மறுநாள் காரில் மூணாறு வரும்போது வாங்கி வருவதாகப் பேச்சு. தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல், மழைக்கோட்டு, கடலை மிட்டாய், கட்டுத்துணி, டார்ச். ஐந்து கிலோவுக்கு இறங்கியது. அட்டைக்கு உப்புப் பொட்டலம் கட்டியிருந்தேன். பனிக்காலத்தில் அவ்வளவு தேவைப்படாது என்றாலும் ஓடையைக் கடக்கிற இடத்தில் இரண்டு ஏறத்தான் செய்தன.

பாதை தொடங்குகிற இடத்திலேயே பழைய ரோப்வேயின் அடித்தளம் இருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் புதருக்குள். இந்த இடத்துக்கு ‘பாட்டம் ஸ்டேஷன்’ என்று பெயர். நடுவில் ‘சென்ட்ரல் ஸ்டேஷன்’. உச்சியில் ‘டாப் ஸ்டேஷன்’. வரைபடத்தில் இந்தப் பெயர்களைப் பார்த்து ரயில் நிலையம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதில் பாதி உண்மையும் உண்டு. மூணாறு மலையை 1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்கு வாங்கினார். முதலில் காப்பி போட்டார்கள், சிங்கோனா போட்டார்கள், கற்றாழை நார் போட்டார்கள். கடைசியில் தேயிலை நிலைத்தது. சிங்கோனாவும் ஆண்டீஸ் மரம்தான். மலேரியாவுக்கு மருந்தான அதன் பட்டைக்காகவே கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெருவிலிருந்து விதையும் கன்றும் கொண்டுவந்து 1860 வாக்கில் நீலகிரியில் நட ஏற்பாடு செய்தார்.

தேயிலையை எப்படிக் கீழே கொண்டுவருவது? 1902இல் மூணாறிலிருந்து இந்த உச்சி வரை குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். காளை மாடு இழுத்தது. 1908இல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல ரயில் பாதை, நீராவி எஞ்சின். உச்சியில் பெட்டிகளை இறக்கி, கம்பியில் தொங்கவிட்டால் குரங்கணி. இங்கிருந்து மாட்டு வண்டியில் போடி, பிறகு தூத்துக்குடித் துறைமுகம், பிறகு இங்கிலாந்து. 1924 ஜூலை வெள்ளம் அந்த ரயிலை மலையிலிருந்து துடைத்துக்கொண்டு போனது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் இன்றும் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்கிறார்கள். அதற்குப் பின் ரயில் போடவே இல்லை.

“அந்தக் கம்பியில ஆளு போக மாட்டாங்களா?” என்று கேட்டேன்.

“தேயிலைதான் போச்சு. ஆளுக நடந்துதான்” என்றார் துணைவர்.

இதை யோசித்துக்கொண்டே முதல் ஒரு மணி நேரம் ஏறினேன். பொலிவியாவில் லா பாஸ் நகரத்துக்கு 2014 முதல் கம்பிவட ஊர்திதான் டவுன் பஸ் மாதிரி. மேட்டில் இருக்கும் எல் ஆல்ட்டோவிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் கூடையோடும் குழந்தையோடும் அதில் ஏறி இறங்குகிறார்கள். நூறு வருடத்துக்கு முன்பே கம்பி கட்டத் தெரிந்த மலை இது. இன்றும் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அரிசி குதிரை முதுகில்தான் போகிறது.

குதிரைகள் வழியில் எதிர்ப்பட்டன. மூன்று. முதல் குதிரையின் கழுத்தில் மணி. இரண்டு பக்கமும் சாக்கு. மேட்டுப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள், பள்ளத்துப் பக்கம் நிற்காதீர்கள் என்று துணைவர் என் கையைப் பிடித்து இழுத்தார். சாக்கு இடித்தால் பள்ளத்தில்தான் விழுவோம். எந்த மலையிலும் இதுதான் விதி என்று பிறகு என் மருமகளும் சொன்னாள். தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரமும் குதிரை மேல்தான் வரும் என்றார் குதிரைக்காரர். சிமெண்டு, கேஸ் சிலிண்டர், தகரம், பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் இதே வழி. கீழே இறங்கும்போது காப்பியும் மிளகும்.

பாதை முதலில் காப்பித் தோட்டத்து நிழலில் போகிறது. சவுக்கு மரம் என்று நான் நினைத்தது சில்வர் ஓக். அதன் மேல் மிளகுக் கொடி. பிறகு நிழல் திடீரென்று விட்டுப்போகிறது. ஆளுயரப் புல். இடப்பக்கம் பள்ளத்தாக்கு மொத்தமும் திறந்துகொள்கிறது. நேற்று இறங்கிய போடி ஒரு கை சுண்ணாம்பைத் தெளித்தது போலக் கிடக்கிறது. இங்கேதான் மூச்சு வாங்கும். நான் இருபது அடி, ஒரு நிறுத்தம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். துணைவர் வேறு சொன்னார்: “நிக்காதீங்கக்கா. மெதுவா நடங்க, ஆனா நிக்காதீங்க. மூச்சு பேச்சுக்கு இடம் விடணும். பேச முடியலைன்னா வேகமாப் போறீங்கன்னு அர்த்தம்.” அதற்குப் பிறகு ஏற்றம் வசப்பட்டது. நான் படித்த எந்தப் புத்தகமும் இதை இத்தனை எளிதாகச் சொன்னதில்லை.

ஒரு திருப்பத்தில் அவர் நின்று எதிர்ச் சரிவைக் காட்டினார். கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்குகிற பக்கம். நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை.

அந்த நாளை ஈக்காட்டுத்தாங்கலில் இருந்தபடி எனக்கும் தெரியும். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்த மலையேற்றக் குழுக்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது காட்டுத் தீ சூழ்ந்தது. மொத்தம் 23 பேர் இறந்தார்கள். சென்னையில் வேலை பார்த்த இளம்பெண்கள் பலர். நான் தினமும் மெட்ரோவில் பார்க்கிற வயது. மடிக்கணினிப் பையை வைத்துவிட்டு வார இறுதியில் மலைப் பையை மாட்டிக்கொண்டு வந்த பிள்ளைகள். அன்று இரவு தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். பொம்பளைப் பிள்ளைகளுக்கு எதுக்கு மலை என்று யாரோ திரையில் பேசினார்கள். அம்மா அதை அணைக்கச் சொன்னார்.

இங்கே நின்று பார்த்தால் என்ன நடந்திருக்கும் என்று கண்ணுக்குத் தெரிகிறது. மார்ச்சில் இந்தப் புல் மொத்தமும் காய்ந்து சருகாகிவிடும். தீ மேட்டை நோக்கி ஓடும்போது மனிதர் ஓடுவதைவிட வேகமாக ஓடும். மேலே ஓடினால் துரத்திப் பிடிக்கும்; பள்ளத்தில் இறங்கினால் பாறை. தப்ப வழி என்றால் பக்கவாட்டில் விலகுவதும், ஏற்கெனவே எரிந்து கருகிய நிலத்துக்குள் போய் நிற்பதும்தான். புகைக்குள் அதை யோசிக்க யாருக்கு முடியும்? விமானப்படை ஹெலிகாப்டர்கள் வருவதற்கு முன்னால் மேலே ஏறியவர்கள் ஊர்க்காரர்களும் வனத்துறை ஊழியர்களும். இருட்டில், சூடு ஆறாத மண்ணில், டோலி கட்டித் தூக்கி இறக்கினார்கள். “அன்னைக்கு ராத்திரி ஊர்ல ஒருத்தரும் தூங்கலக்கா” என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு நடந்தோம்.

இப்போது தீக்காலத்தில் மலையேற்றம் மூடப்படுகிறது. வழிகாட்டி இல்லாமல் விடுவதில்லை. தமிழக அரசு 2024 அக்டோபரில் மாநிலம் முழுக்க 40 மலையேற்றப் பாதைகளை வகைப்படுத்தி, பதிவு முறை வைத்து, உள்ளூர் ஆட்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்துத் திறந்திருக்கிறது. குரங்கணி–சாம்பலாறு அதில் ஒன்று. பெருவில் மாச்சு பிச்சுவுக்குப் போகும் இன்கா பாதையில் சுமைகாரர்களையும் சேர்த்து நாளைக்கு 500 பேருக்கு மேல் விடுவதில்லை. பிப்ரவரி முழுக்க மூடிவிடுகிறார்கள். மலைக்கு ஓய்வு. இந்தக் கட்டுப்பாடுகளைத் தொல்லை என்று புலம்புகிறவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அந்த எதிர்ச் சரிவை ஒருமுறை பார்த்தால் போதும்.

சென்ட்ரல் ஸ்டேஷனில் சில வீடுகள், ஒரு கோயில். ஒரு வீட்டுத் திண்ணையில் கடுங்காப்பி கொடுத்தார்கள். அந்த வீட்டு வாசலில் காய்ந்துகொண்டிருந்த காப்பிதான். கருப்பட்டி போட்டது. வீட்டுக்கார அம்மா என் செருப்பைக் கழற்றச் சொல்லி, விரல் இடுக்கில் ஒட்டியிருந்த அட்டையைச் சுண்ணாம்பு தொட்டு எடுத்துப்போட்டார். “எம் மருமகளுக்கு வலி கண்டப்ப டோலிதான். நாலு பேரு மாத்தி மாத்தி. கீழ போய்ச் சேர மூணு மணி நேரம். பிள்ளை நல்லாப் பொறந்துச்சு, சாமி புண்ணியம்” என்றார். குரங்கணி முதல் டாப் ஸ்டேஷன் வரை சாலை வேண்டும் என்பது இந்த மலையின் பழைய கோரிக்கை. நான் வாயைத் திறக்கவில்லை. சாலை வந்தால் இந்தப் பாதை போய்விடும் என்று என்னை மாதிரி ஆட்கள் கவலைப்படுவது எனக்குத் தெரியும். அந்தத் திண்ணையில் உட்கார்ந்து அதைச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. டோலித் தடி கூரைக்கடியில் செருகியிருந்தது. தோள் படுகிற இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது.

மேல் பாதி செங்குத்து. சோலைக்காடு ஓடையோரங்களில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, மற்றதெல்லாம் புல். இருவாட்சி ஒன்றின் சத்தத்தை மட்டும் கேட்டோம். பனி மேலிருந்து இறங்கி வந்து எங்களைத் தாண்டிப் போனது. பத்தடிக்கு முன்னால் துணைவரின் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

பனி விலகிய ஓரிடத்தில், மேலிருந்து ஒரு முதுவர் குடும்பம் இறங்கி வந்தது. கணவன், மனைவி, ஒரு பையன். மனைவியின் சேலை முதுகுப் பக்கமாகச் சுற்றி முடியப்பட்டிருந்தது. அதற்குள் ஒரு குழந்தை, கன்னத்தை அம்மாவின் தோளில் வைத்துத் தூங்கிக்கொண்டு. கீட்டோவிலிருந்து என் மருமகள் அனுப்பிய படம் கைப்பேசியில் இருந்தது. அதே முடிச்சு, அதே கன்னம். காட்டினேன். அந்தப் பெண் வெகுநேரம் பார்த்தாள். “இது எந்தக் குடி?” என்று கேட்டாள். தூரத்து மலை, கடலுக்கு அந்தப் பக்கம் என்றேன். “மலைன்னா இப்படித்தானே தூக்கணும்” என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

முதுவர் தங்கள் பெயருக்குச் சொல்லும் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். மதுரையிலிருந்து மலையேறி வந்தபோது பிள்ளைகளையும் அம்மன் சிலையையும் முதுகில் சுமந்து வந்தவர்கள், அதனால் முதுவர். மதுரை எரிந்தபோது கிளம்பியவர்கள் என்று சிலர் சொல்கிறார்கள், பாண்டியர் வீழ்ந்தபோது என்று சிலர். வெள்ளைக்காரத் துரைமாருக்கு இந்த மலையில் வழி காட்டியவர்களும் முதுவர்தான். கண்ணன், தேவன் என்ற இரண்டு பேரின் நினைவுதான் தேயிலைப் பொட்டலத்தில் கண்ணன் தேவன் என்று நிற்கிறது என்பது மலையில் வழங்கும் செய்தி. காலையில் எத்தனை ஆயிரம் வீட்டில் அந்தப் பெயர் கொதிக்கிறது. எங்கள் வீட்டிலும்தான்.

டாப் ஸ்டேஷன் வரும்போது பிற்பகல் இரண்டே கால். ஏழு மணி நேரம். ரோப்வேயின் மேல் நிலைய இடிபாடு சரிவில் இருக்கிறது. அதன் விளிம்பிலிருந்து பார்த்தால், காலையில் நின்ற இடத்துக்கு நேர் கோட்டில் கம்பி இறங்கிய வழி தெரிகிறது. 1,700 மீட்டருக்கு மேலான உயரம். மூணாறிலிருந்து காரில் வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைகளில் காரட், பேஷன் ஃப்ரூட், மக்காச்சோளம். பேஷன் ஃப்ரூட்டும் மக்காச்சோளமும்கூட அமெரிக்கக் கண்டத்துக்காரர்கள்தான். ஒரு கதிர் வாங்கித் தின்றேன். பக்கத்துச் சரிவுகளில் குறிஞ்சிப் புதர் பச்சையாக நின்றது. கடைசியாக 2018இல் பூத்தது. தீ வந்த அதே வருடம், சில மாதம் கழித்து. இனி 2030.

வருகிறவர்கள் பலரும் கேரளத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்த ஊர் தேனி மாவட்டம், போடி தாலுகா, கொட்டக்குடி ஊராட்சி. ஓட்டு தமிழ்நாட்டில். ரேஷன் கார்டு தமிழ்நாட்டில். சாலை மட்டும் கேரளத்தில். போடி தாலுகா அலுவலகத்துக்குப் போக வேண்டுமென்றால் மூணாறுக்கு 32 கிலோமீட்டர், அங்கிருந்து போடிமெட்டு சுற்றி இறங்கினால் மொத்தம் 100 கிலோமீட்டருக்குப் பக்கம். நடந்தால் நான் வந்த வழி.

மூணாறு பேருந்துக்கு இன்னும் அரை மணி இருந்தது. துணைவர் இருட்டுமுன் இறங்க வேண்டும். கூலியை வாங்கிக்கொண்டு, டீ குடித்துக்கொண்டிருந்தார். அப்போது கடைக்குப் பின்னாலிருந்து ஒரு பெரியவர் கம்பளித் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தார். கையில் ஒரு பழுப்பு உறை.

“தம்பி, கீழதான போறே? இதைப் போடி தாலுகா ஆபீஸ்ல குடுத்துரணும்பா. பென்சன் மனு. நாலு மாசமா நின்னு போச்சு.”

“குடுங்க அப்பச்சி. நாளைக்குக் காலைல போறேன்.”

“சீல் போட்டு ரசீது வாங்கிரு.”

“வாங்குறேன்.”

துணைவர் உறையை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அதைச் சட்டைக்குள் நெஞ்சோடு செருகி, மேலே ஸ்வெட்டரை இழுத்துவிட்டார். கடைக்காரர் ஒரு சாக்கில் பூண்டு கொடுத்தார், குரங்கணியில் யாருக்கோ. அதை முதுகில் போட்டு, கயிற்றை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து முடிந்தார். என் பையில் பட்டை போகிற அதே இடம்.

“வரேன்க்கா. மூட்டுக்கு ராத்திரி சுடுதண்ணி ஒத்தடம் குடுங்க.”

பாதையின் வாயில் பனி மறுபடி ஏறியிருந்தது. அவர் உள்ளே இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் கால் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.